கீழக்கரை வீட்டின் பின்னறைக்கு வைஃபை எட்டாதது குறித்து

வணக்கம். முன்கூடத்தில் நன்றாக இயங்கும் வைஃபை, உங்கள் மகள் பின்னறையில் இணைய வகுப்புக்கு அமரும்போது மட்டும் அறுந்துவிடுகிறது என்றும், புது ரவுட்டர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் வீட்டுக் கற்சுவர்கள் தடிமனானவை என்பதால், வேகம் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அவற்றைத் தாண்டும்போது, 2.4 கிகாஹெர்ட்ஸைவிடக் கூடுதலாக வலுவிழக்கும். ஆகவே மகளின் மடிக்கணினியை 2.4-இல் இணைத்து, ரவுட்டர் அமைப்பில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் (அந்த அலைவரிசைக்குள் உள்ள தடங்களில்) அண்டை வீட்டார் குறைவாகப் பயன்படுத்துவதைத் தேர்ந்தெடுங்கள். ரவுட்டரை இரும்பு பீரோவின் மேலிருந்து எடுத்து, நடுக்கூடத்தில் திறந்த அலமாரியில் வையுங்கள்; அப்போது ஃபைபர் வயரை மட்டும் மடக்கிவிடாதீர்கள்.

நம் கடற்கரையில் இன்னொன்றையும் அவசியம் பார்க்க வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டு ரவுட்டருக்கு மின்சாரம் தரும் அடாப்டரின் முனையையும், இணையத்தைக் கடத்தும் வயரான லேன் கேபிளின் பிளக்கையும் உருவிப் பாருங்கள். உப்புக்காற்று பட்டு, பித்தளை நிறத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், சுரண்டிக்கொண்டிராமல் புதிய பிளக் பொருத்திவிடுவதே நல்லது.

இத்தனைக்கும் பிறகு எட்டவில்லையென்றால், பின்னறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து ஆக்சஸ் பாயின்ட் (அந்த வயர்வழி வரும் இணையத்தை அங்கே வைஃபையாகப் பரப்பும் கருவி) வையுங்கள். வயர் இல்லாமல், வரும் வைஃபையையே வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் மலிவுதான்; ஆனால் சாதாரண வகை ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கவும் அனுப்பவும் செய்வதால், வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.