வெசிக்கிளைப் பற்றியே பேசும் மகளை மறுபடியும் நீட் எழுதச் சொல்லலாமா?

வணக்கம் அம்மா.

நீட் மதிப்பெண் கைகொடுக்கவில்லை, இன்னொரு வருஷம் கோச்சிங் சேர்த்துவிடலாம் என்கிறார் மகளின் அப்பா. மகளோ செல்லுக்குள் புரதங்கள் எப்படி இடம் மாறுகின்றன என்பதைத்தான் படிப்பேன் என்கிறாள். இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவள் மனசு எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெரியாமல் உங்களால் முடிவெடுக்க முடியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செல்லைவிட்டு வெளியே போக வேண்டிய புரதங்கள் பெரும்பாலும் செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலைப்பின்னல் என்ற சவ்வு அமைப்பில் தயாராகி, கோல்கை உடலம் என்ற இன்னொரு சவ்வு அமைப்பு வழியாக செல்லின் ஓரத்துக்கு வருகின்றன. அவற்றைச் சுமந்து வரும் சவ்வாலான நுண்பைகள்தான் வெசிக்கிள்கள். எந்தச் சரக்கு எந்தப் பையில் ஏற வேண்டும், அந்தப் பை எந்தச் சவ்வோடு போய்ச் சேர வேண்டும் என்பதைச் சவ்வுகளில் பதிந்திருக்கும் புரதங்கள் பார்த்துக்கொள்கின்றன. சேர்த்துவைக்கும் வகைக்கு ஸ்னேர் என்று பெயர். பையில் இருக்கும் ஸ்னேரும் எதிர்ச் சவ்வில் இருக்கும் ஸ்னேரும் கயிறு முறுக்குவதுபோல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு இரண்டு சவ்வுகளையும் இழுத்து இணைத்துவிடும்.

ஏற்றிவிடும் வகையில் எர்ஜிக்-53 என்று ஒரு சவ்வுப் புரதம் உண்டு. இரத்தம் உறையத் தேவையான ஐந்தாம், எட்டாம் காரணிகளைப் பிடித்து வெசிக்கிளில் ஏற்றுவது இதன் வேலை. இது பழுதாகப் பிறந்தவர்களுக்கு அந்தக் காரணிகளின் ஜீன்கள் நன்றாகவே இருக்கும். புரதமும் தயாராகும். ஆனால் வேண்டிய அளவு வெளியே வராது. இரத்தத்தில் இரண்டும் ஒருசேரக் குறைந்துவிடும். பல் பிடுங்கினால்கூட இரத்தம் சீக்கிரம் நிற்காது, மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமாகும். நோயாளியைத் தொட்டுப் பார்ப்பது மட்டும்தான் மருத்துவம் என்று நினைக்க வேண்டாம் அம்மா. இந்த நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்க செல்லுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இந்தப் போக்குவரத்தின் விதிகளைக் கண்டறிந்ததற்காக 2013-இல் ராண்டி ஷெக்மன், ஜேம்ஸ் ராத்மன், தாமஸ் சூடாஃப் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. ஷெக்மனின் ஆய்வுக்கூடத்தில் வேலை நடந்தது ஈஸ்ட்டில். புரதத்தை வெளியேற்ற முடியாத ஈஸ்ட் செல் கனத்துப்போகும். அப்படிக் கனத்தவற்றைத் தனியே பிரித்தெடுத்து, 23 ஜீன்களை அடையாளம் கண்டார்கள். அதில் முன்னால் நின்று உழைத்த பீட்டர் நோவிக் அப்போது ஆய்வு மாணவர். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். அதே எட்டாம் காரணியை, இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு மருந்தாகத் தயாரிக்கிறார்கள். வெள்ளெலி செல்களை வளர்த்து, அவை வெளியேற்றும் புரதத்தைச் சுத்திகரித்து எடுப்பார்கள். செல் அதைத் தாராளமாக வெளியே விடாது என்பதுதான் அங்கே பெரிய தலைவலி. புற்றுநோய்க்கான ஆன்டிபாடி மருந்துகள் பலவும் இப்படித்தான் தயாராகின்றன. ஆக, உங்கள் மகள் பேசுகிற விஷயம் பாடப்புத்தகத்தோடு நிற்பதில்லை. பெங்களூரு, ஹைதராபாத் பயோஃபார்மா (உயிரி மருந்து) நிறுவனங்களில் செல் கல்ச்சர் எனும் செல் வளர்ப்பு, சுத்திகரிப்பு, தரக்கட்டுப்பாடு என்று எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கு இடம் இருக்கிறது. தொடக்கச் சம்பளம் ஐடி வேலைக்கு ஈடாகாது, அதை இப்போதே மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சிதான் என்றால் பாதை நீளம். முதுகலை வரை ஐந்து வருஷம், அதற்கு மேல் பிஎச்.டி. ஐந்து வருஷமோ கூடவோ ஆகும். ஆனால் பிஎச்.டி. காலத்தில் நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. நெட் எனும் தேசிய தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் தகுதி) பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, இரண்டு வருஷம் கழித்து 42,000. அவ்வளவு காலம் வீட்டுக்குப் பெரிதாகப் பணம் தர முடியாத நிலையில் அவள் இருக்கலாமா என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள்.

சேர்வதற்கு என் முதல் தேர்வு ஐசர் எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குப் பக்கம். ஐந்து வருஷத்தில் இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த பி.எஸ்.-எம்.எஸ். முடித்துவிடலாம். நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு கணிதமும் சம அளவில் வரும். பிளஸ் டூவில் கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் பிள்ளைகள் தடுமாறுவது அந்த இடத்தில்தான். அது கிடைக்காவிட்டால் ஒரு நல்ல அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ பி.எஸ்சி. விலங்கியல் அல்லது உயிர்வேதியியல் சேரட்டும். அப்புறம் ஜாம் எனும் முதுகலை நுழைவுத் தேர்வு வழியாக ஐஐடியில் எம்.எஸ்சி. போகலாம்.

பயோடெக்னாலஜி என்ற பெயருக்காக மட்டும் லட்சக்கணக்கில் கட்டித் தனியார் கல்லூரியில் சேர்க்காதீர்கள். பார்க்கப் போனால் செல் கல்ச்சர் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். செல்களை வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே பிளாஸ்க் இருக்கிறதா? கிருமி புகாமல் வேலை செய்வதற்கான லேமினார் மேசையில் மாணவர் யாராவது வேலை செய்கிறாரா? கதவு பூட்டியிருந்து, சாவி வைத்திருப்பவர் லீவு என்று பதில் வந்தால் அந்தக் கல்லூரி வேண்டாம்.

ரிப்பீட்டர் விஷயம்: டாக்டர் ஆகத்தான் ஆசை என்று அவளே சொன்னால் ஒரு வருஷம் கொடுங்கள். அப்பாவின் மனசு நோகக்கூடாது என்று தலையாட்டினால் கொடுக்காதீர்கள். விருப்பமில்லாமல் கோச்சிங் போய் வரும் பிள்ளை எவ்வளவு வாடிப்போகும் என்பதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அவரிடம் நான் பேச வேண்டுமென்றாலும் பேசுகிறேன்.

மகள் பிளஸ் டூவில் எந்தக் குரூப் என்று நீங்கள் எழுதவில்லை. மதிப்பெண் பட்டியலோடு அதையும் அனுப்புங்கள். கணிதம் படித்திருந்தால் ஒரு திட்டம், இல்லாவிட்டால் வேறு திட்டம் போட வேண்டும்.