ஆற்றையும் மண்ணையும் தோண்டி எடுக்கும் ஊர்களில் பூர்வகுடிப் பெண்கள் தலைமை ஏற்கிறார்கள் என்று நிறையச் சொல்கிறார்களே, நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வட இலங்கையின் வன்னியில், கிளிநொச்சி மாவட்டத்தில் ஓர் ஆற்றங்கரை ஊர் எங்களுடையது. ஆற்றின் பெயரைச் சொன்னால் ஊரையும், ஊரைச் சொன்னால் ஆளையும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். நாங்கள் பூர்வகுடிகளா என்பது வேறு வழக்கு. ஓர் ஆற்றை டிப்பர் லொறியில் மணலாக ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தவள் என்ற தகுதியில்தான் பதில் சொல்கிறேன்.

தலைமை என்ற சொல் எங்கள் ஊர்ப் பெண்களிடம் முதலில் ஒரு படிவத்தில்தான் வந்து சேர்ந்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்து, முகாமில் இருந்துவிட்டு மீள்குடியேறியபோது நிரப்பிக் கொடுத்த தாளில் "பெண் தலைமைத்துவக் குடும்பம்" என்றொரு கட்டம் இருந்தது. கணவனை இழந்தவர், கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர் எல்லோரும் அந்தக் கட்டத்துக்குள் தலைவிகள். என் பெரியம்மாவும் அப்படித்தான் தலைவியானார். பிறகு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் அவரையே தலைவியாக்கினார்கள். மரியாதையால் அல்ல, கையெழுத்து வைக்கவும் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, அலையவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

மணல் அள்ளுவது எங்கள் வீடுகளோடுதான் தொடங்கியது. இந்திய வீட்டுத்திட்டத்தில் 50,000 வீடுகள் என்றார்கள், வீடொன்றுக்கு 5,50,000 ரூபாய். பெரியம்மாவின் சுவரிலும் அந்த ஆறுதான் பூசப்பட்டிருக்கிறது. அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. வீடுகள் எழும்பி முடிந்த பிறகும் டிப்பர்கள் நிற்கவில்லை. ஆற்றுமணல் இல்லாத யாழ்ப்பாணத்துக்கு எப்போதும் மணல் தேவை.

வன்னி ஆறுகள் மழைக்குப் பிறகுதான் ஓடும். மாரி முடிந்தால் மேலே வெறும் மணல், தண்ணீர் அந்த மணலுக்குள் நிற்கும். மணலை அள்ளினால் ஆற்றுப்படுகை தாழும், அதோடு கரையோரக் கிணறுகளும் இறங்கும். இதை எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, கிணற்றுக் கயிறு சொன்னது. ஓர் ஆவணி மாதத்தில் வாளி தண்ணீரைத் தொடாமல் தொங்கியபோது பெரியம்மா பழைய கயிற்றோடு ஒரு துண்டை முடிந்தார். அடுத்த ஆண்டு இன்னொரு துண்டு, நீல நைலோன். அதற்கடுத்த ஆண்டு ஆடு கட்டிய கயிறு. ஒருமுறை கூட்டத்தில் அதிகாரி ஒருவர் கிணறு வற்றுவதற்கு அளவீட்டு அறிக்கை கேட்டாராம். அடுத்த கூட்டத்துக்குப் பெரியம்மா அந்தக் கயிற்றையே பையில் போட்டுக்கொண்டு போய் மேசையில் வைத்து, முடிச்சு முடிச்சாகத் தொட்டு ஆண்டைச் சொன்னார். அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஈரக் கயிறு பட்டு ஒரு கோப்பு நனைந்தது, அவ்வளவுதான்.

1992 ஆம் ஆண்டுச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் மணல் அகழ ஓர் அனுமதிப்பத்திரம், ஏற்றிச் செல்லத் தனியாக இன்னொன்று வேண்டும் என்பதைச் சங்கத்துப் பெண்கள் கேட்டறிந்தார்கள். ஒரு கொப்பி வாங்கி வண்டி இலக்கத்தையும் நேரத்தையும் எழுதத் தொடங்கினார்கள். 2019 டிசம்பரில் ஏற்றிச் செல்லும் அனுமதிப்பத்திரம் நாடு முழுவதும் தேவையில்லை என்று ஆனபோது அந்தக் கொப்பிக்கு ஒரே இரவில் பொருளில்லாமல் போனது. இருந்தும் எழுதினார்கள். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 2017 ஐச் சொல்வேன். அந்த ஆண்டு முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்பிலவு பிலக்குடியிருப்பில் பெண்கள் சுமார் ஒரு மாதம் வீதியோரம் இருந்து, விமானப்படை பிடித்திருந்த தங்கள் காணியை மீட்டார்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் உட்கார்ந்தார்கள். அதிகாரிக்கு முன்னால் எழுந்து பேசும் கூச்சம் அங்கே போயிற்று. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு வந்த 25 சதவீத ஒதுக்கீட்டைப் பெரிதாகச் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் மணல் அனுமதி பிரதேச சபையின் கையில் இல்லை.

இந்தோனேசியாவின் மேற்குத் திமோரில் அலெத்தா பவுன் என்ற மொலோ இனப் பெண்ணைப் பற்றிப் படித்தேன். சலவைக்கல் அகழும் இடத்தில் சுமார் 150 பெண்களோடு ஓராண்டு துணி நெய்தபடி உட்கார்ந்திருந்தார். வீட்டையும் சமையலையும் ஆண்கள் பார்த்துக்கொண்டார்கள். 2010 அளவில் அகழ்வு நின்றது, 2013 இல் அவருக்குச் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மன் விருது கிடைத்தது. பெரியம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அங்கே வெட்டியது கம்பனி. இங்கே மணல் ஏற்றுவது என் தங்கச்சியின் மகன்" என்றார்.

என் தம்பியைத்தான் சொன்னார். நெல் வயலில் ஒரு கிழமை குனிந்து எடுக்கும் கூலியை அவன் இரண்டு இரவில் கொண்டுவந்தான். அவன் ஏறிப்போன வண்டியின் இலக்கமும் கொப்பியில் இருக்கிறது, பெரியம்மாவின் கையெழுத்தில். அதைப் பார்த்த அம்மா இரண்டு மாதம் தன் அக்காவின் படலையைத் தாண்டவில்லை. மேடையில் பெண் தலைமை பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு மாதத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

போன வருடம் பெரியம்மா பதவியை விட்டார். தனக்குப் பதிலாக அவர் முன்மொழிந்தது டிப்பர் ஓட்டுநர் ஒருவரின் மனைவியை. பொதுநோக்கு மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பெரியம்மா வெற்றிலைப் பையை மூடிவிட்டு, "எந்த இரவில் எந்தப் பக்கம் வண்டி போகிறது என்று அவளுக்குத்தானே முதலில் தெரியும்" என்றார்.