22 சுருதிக்கும் கீபோர்டு: மதுரையில் வீட்டிலேயே செய்ய முடியுமா?

கேள்வி: ஒரு ஸ்தாயிக்குள் சொல்லப்படும் 22 சுருதியையும் (நுண்சுரங்களையும்) தனித்தனியாக வாசிக்கும்படி ஒரு கீபோர்டை வீட்டில் செய்ய முடியுமா? மதுரையில் பொருள் கிடைக்குமா? செய்தபின் அதில் எப்படி இசையமைப்பது?

முடியும், கிடைக்கும். ஆனால் சால்டரிங் அயனைச் சூடாக்குவதற்கு முன் கணக்கைச் சரி பார்த்துவிடுங்கள். பலர் முதலில் செய்வது, ஒரு ஸ்தாயியின் 1200 செண்டை (செண்ட் என்பது சுர இடைவெளியின் அளவு, சாதாரண கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கீக்கு இடையே 100) 22ஆல் வகுத்து 54.5 செண்டுக்கு ஒரு சுரம் வைப்பது. அப்போது பஞ்சமம் 709 செண்டில் போய் உட்காரும். சுத்தப் பஞ்சமம் 702. தம்பூராவின் ஷட்ஜம் 130.8 ஹெர்ட்ஸில் ஓட, அந்த 709ஐ அழுத்தினால் விநாடிக்கு ஒன்றரைத் தடவைக்கு மேல் விம்மும், அதாவது ஒலி ஏறி இறங்கி அலையும். பஞ்சமமே சேராத வாத்தியத்தில் மீதிச் சுரங்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

22 சுருதிக்கு வழக்கமாகத் தரும் விகிதங்களைச் செண்டில் எழுதினால் இப்படி வரும். ரி: 90, 112, 182, 204. க: 294, 316, 386, 408. ம: 498, 520, 590, 612. த: 792, 814, 884, 906. நி: 996, 1018, 1088, 1110. ச 0, ப 702. இவை இரண்டும் ஒவ்வொன்றுதான். இப்போது இரண்டிரண்டாகச் சேர்த்துப் படியுங்கள். 90க்கும் 112க்கும், 182க்கும் 204க்கும், கடைசி நி வரை எந்த ஜோடியை எடுத்தாலும் இடைவெளி 21.5 செண்ட். அதுதான் 81/80, பிரமாண சுருதி. நமக்குப் பழக்கமான 12 ஸ்தானங்களில் ச, ப நீங்கலாக மற்ற பத்துக்கும் இரண்டு பிடி (தாழ்ந்தது கீழ்ப்பிடி, ஒரு பிரமாண சுருதி கூடியது மேல்பிடி) என்பதே இதன் பொருள். கீபோர்டின் வடிவமும் இதிலேயே இருக்கிறது: பழைய 12 கீ, ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே ஒரு பிரமாண சுருதி கூடிய இன்னொரு கீ. (மீனாட்சியம்மன் கோயில் வடக்கு ஆடி வீதி இசைத்தூண்களில் சிறு தூண்கள் 22 என்பதைச் சிலர் இதோடு முடிச்சுப் போடுவார்கள். ரசிக்கலாம், சுருதி கூட்ட உதவாது.)

முதலில் எதையும் செய்யாமல் ஒரு சோதனை. இரவல் வாங்கியாவது இரண்டு மிடி கீபோர்டுகளை (எந்தக் கீ அழுத்தப்பட்டது என்பதைக் கணினிக்கு எண்ணாக அனுப்புபவை) ஒன்றின் பின்னால் ஒன்றாக, பின்னாலிருப்பது சற்று உயரமாக இருக்கும்படி வையுங்கள். முன்னது சேனல் 1, பின்னது சேனல் 2. கணினியில் சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சிந்தசைசரை ஒலிப்பதிவு மென்பொருளின் இரண்டு தடத்தில் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கேலா கோப்பு கொடுங்கள். ஸ்கேலா கோப்பு என்பது சாதாரண எழுத்துக் கோப்பு: முதல் வரியில் பெயர், இரண்டாம் வரியில் எத்தனை சுரம் என்ற எண், பிறகு வரிக்கு ஒரு சுரம்.

கீழ்ப்பிடிக் கோப்பு: 256/243, 10/9, 32/27, 5/4, 4/3, 45/32, 3/2, 128/81, 5/3, 16/9, 15/8, 2/1.
மேல்பிடிக் கோப்பு: 16/15, 9/8, 6/5, 81/64, 27/20, 729/512, 3/2, 8/5, 27/16, 9/5, 243/128, 2/1.

1/1 எழுதக்கூடாது, அது தானாகவே உண்டு. கடைசியில் 2/1 கட்டாயம். விகிதத்துக்குப் பதில் செண்டில் எழுதுவதானால் புள்ளி முக்கியம். 386.3 என்றால் செண்ட். புள்ளியில்லாமல் 386 என்று எழுதினால் மென்பொருள் அதை 386/1 என்ற விகிதமாக எடுத்துக்கொண்டு காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். "சத்தமே வரவில்லை" என்ற புகாரில் பாதி இதுதான்.

சரியாக ஏறியிருக்கிறதா என்பதற்குக் காதே போதும். மேற்சுரம் நிறைந்த ஒலியாக, ரம்பப்பல் அலையாக, எடுங்கள். சைன் அலையில் விம்மல் தெரியாது. ஷட்ஜம் 130.8 ஹெர்ட்ஸ். அதோடு கீழ்ப்பிடி அந்தர காந்தாரத்தை (386) அழுத்தினால் ஒலி அசையாமல் நிற்க வேண்டும். மேல்பிடி (408) விநாடிக்கு 8 தடவை விம்மும். சாதாரண கீபோர்டின் காந்தாரம் (400) 5 தடவை. கீழ்ப்பிடியும் 5 தடவை விம்மினால் கோப்பு ஏறவில்லை என்று அர்த்தம்.

இரண்டு அடுக்குக் கீபோர்டில் சுருதி விளங்கிவிடும், ஆனால் வேகமாக வாசிக்க வராது. வெள்ளைக் கீ ஒன்றரைச் சாண் தள்ளி இருக்கும்போது கை தாண்டித் தாண்டி ஓய்ந்துவிடும். அதனால்தான் சொந்தப் பலகை.

பாட்டுக்கு மந்தர பஞ்சமம் முதல் தார பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயி போதும். பலகையை ச-வில் ஆரம்பிக்காமல் ப-வில் ஆரம்பியுங்கள். நான்கு வரிசை: உங்களுக்கு அருகில் உள்ள முதல் வரிசையில் ப த நி ச ரி க ம என்ற சங்கராபரணச் சுரங்களின் கீழ்ப்பிடி, 15 கீ. இரண்டாவதில் அவற்றின் மேல்பிடி, 14 கீ. மூன்றாவதும் நான்காவதும் அரைக் கீ அகலம் நகர்ந்து, பியானோவின் கறுப்புக் கீ இடங்களில், தலா 10. மொத்தம் 49. மேல்பிடி இல்லாத ச, ப இடங்களில் நான்கு கீ சும்மா கிடக்கும். அவற்றைத் தம்பூரா ஆன்-ஆஃப், கட்டை கூட்ட, குறைக்க என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது உங்கள் இஷ்டம்.

வாங்க வேண்டியது: கணினிக் கீபோர்டுக்கான மெக்கானிக்கல் சுவிட்ச் 55 (ஆறு உபரி), அதற்கான தொப்பி 49, 1என்4148 டயோடு 60, ராஸ்பெரி பை பீக்கோ (நிரல் ஏற்றும் சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகை) 1, இரு அச்சு ஜாய்ஸ்டிக் மாட்யூல் 1, ஒற்றை இழை ஒயர், யுஎஸ்பி கேபிள். டயோடு, ஒயர், ஈயம் எல்லாம் டவுன்ஹால் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சுவிட்சையும் பீக்கோவையும் ஆன்லைனில் எடுப்பதே எளிது. கேபிள் டேட்டா போகும் கேபிளாக இருக்கட்டும். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளை மாட்டிவிட்டு பீக்கோ செத்துவிட்டதாக நினைப்பது வாடிக்கை.

தகடுதான் அதிகம் படுத்தும் பாகம். சுவிட்சுக்கு 14 மிமீ சதுர ஓட்டை, மையத்துக்கு மையம் 19.05 மிமீ. மொத்தத் தகடு ஏறத்தாழ 310 × 105 மிமீ. சுவிட்சின் கொக்கி 1.5 மிமீ தகட்டில்தான் பிடிக்கும். பெயர்ப்பலகைக் கடைகளில் லேசரில் வெட்டித் தரும் அக்ரிலிக் பெரும்பாலும் 3 மிமீ. அதில் கொக்கி மாட்டாது, தொப்பியை இழுத்தால் சுவிட்சே கையோடு வரும். ஹாட் க்ளூ வைத்து ஒட்டுவார்கள். மதுரைச் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் ஒரு மதியம் வைத்தால் அந்தக் க்ளூ இளகிவிடும். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்டரில் அச்சடித்த தொப்பியும் 60 டிகிரிக்குப் பக்கத்தில் வளையும். ஆகவே 1.5 மிமீ அலுமினியம் அல்லது ஸ்டீல் தகடு. கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் தகடு வெட்டுபவர்களிடம் விசாரியுங்கள். முழுத் தகடு வெட்டுமுன் ஒரு துண்டில் 13.8, 13.9, 14.0, 14.1 என்று நான்கு ஓட்டை போட்டுச் சுவிட்சை மாட்டிப் பாருங்கள். லேசர் தின்னும் அகலம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்.

49 சுவிட்சுக்கு 49 ஒயர் வேண்டாம். 7 × 7 மேட்ரிக்ஸ், அதாவது ஏழு குறுக்கு ஒயரும் ஏழு நெடுக்கு ஒயரும் சந்திக்கும் கட்டம்; பீக்கோவில் 14 பின். பலகையில் வரிசைகள் 15, 14, 10, 10 என்று இருந்தாலும் ஒயரிங் அப்படி இருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு சுவிட்சுக்கும் எண் போட்டு, ஏழு ஏழாகப் பிரித்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டயோடு, டயோடின் மேலுள்ள கோடு எல்லாவற்றிலும் ஒரே பக்கம் பார்க்க. டயோடு இல்லாமல் விட்டால் செவ்வகத்தின் மூன்று மூலைகளை அழுத்தும்போது நான்காவது தானாக ஒலிக்கும். சங்கதி வாசிக்கும்போது தெரியாது, மூன்று சுரம் சேர்த்துப் பிடிக்கும்போது பேய் மாதிரி ஒரு சுரம் வரும்.

நிரலுக்கு, பீக்கோவில் ஓடும் பைத்தான் வகையான சர்க்யூட்பைத்தான் போதும். அதன் கீபேட் தொகுதியில் மேட்ரிக்ஸ் வாசிப்பான் தயாராக இருக்கிறது. இயல்பாக 0.020 விநாடிக்கு ஒருமுறை பார்க்கும். வாசிப்பில் அந்தத் தாமதம் உறுத்தும், 0.005 ஆக்குங்கள். ஒரு கீயும் வேலை செய்யவில்லை என்றால் பிரித்து எறியாதீர்கள். டயோடு திசை நிரலில் சொன்னதற்கு எதிராக இருக்கும். அந்த ஒரு அமைப்பை மாற்றினால் போதும். இப்போது இரண்டு கோப்புக்குப் பதில் 22 சுரமும் ஏறுவரிசையில் உள்ள ஒரே கோப்பு. மத்ய ஷட்ஜம் மிடி எண் 60 என்று வைத்தால் மந்தர பஞ்சமம் 51, தார பஞ்சமம் 95. கட்டை மாற்ற எண்களைத் தொட வேண்டாம். கூடவே வரும் கீ மேப்பிங் கோப்பில் 60க்கான அதிர்வெண்ணை மட்டும் மாற்றுங்கள். ஒரு கட்டைக்கு 261.6, ஐந்து கட்டைக்கு 196 அல்லது 392.

இந்தச் சுவிட்சுகளுக்கு அழுத்த வேகம் தெரியாது. பியானோ ஒலி வைத்தால் சப்பென்று இருக்கும். குழல், வில் வாத்தியம், ரீட் ஒலிகள் பொருந்தும்.

ஜாய்ஸ்டிக் கமகத்துக்கு. தோடி காந்தாரத்துக்கு இந்தப் பலகையில் கீ கிடையாது, எந்தப் பலகையிலும் கிடையாது. அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஆடும் ஒரு அசைவு; 22 சுருதி வந்துவிட்டால் ராகம் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஜாய்ஸ்டிக்கில் கவனிக்க வேண்டியது நடுப்புள்ளி. விட்டதும் அது அதே இடத்துக்குத் திரும்பாது. வளைப்பு வீச்சு இருநூறு செண்ட் என்றால் 2 சதவீதப் பிழை 4 செண்ட், அதாவது பாடுபட்டு வாங்கிய துல்லியத்தில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. நடுவில் ஒரு சிறு பகுதியைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள். இன்னொன்று: சர்ஜில் டியூனிங்கை மாடுலேஷனுக்குப் பின் செலுத்தும் தேர்வு இருந்தால், வளைப்பு செண்டில் போகாமல் உங்கள் 22 படிகளில் போகும். மிடி உள்வரும் இடத்திலேயே செலுத்தும்படி மாற்றுங்கள்.

இனி இசையமைப்பு. எந்தப் பிடி சரி என்பதை ராகத்தின் பெயர் தீர்மானிக்காது. கூட எது ஒலிக்கிறதோ அது தீர்மானிக்கும். மோகனத்தை எடுங்கள்: ச ரி க ப த. க 386 என்று வைத்தாயிற்று. தைவதத்துக்கு 884, 906 இரண்டும் இருக்கின்றன. 884 காந்தாரத்தோடு சுத்தமாகச் சேரும் (498 செண்ட் இடைவெளி), ஆனால் 204 ரிஷபத்தோடு 680 செண்ட் ஆகி ஊளையிடும். 906 ரிஷபத்தோடு சுத்தம், காந்தாரத்தோடு 520. ஐந்தே சுரத்தில்கூட எல்லாம் எல்லாவற்றோடும் சேரும்படி ஓர் அமைப்பு கிடையாது.

தனிப்பாட்டில் இது பெரிதாகத் தெரியாது. இரண்டு குரல் எழுதும்போது கழுத்தைப் பிடிக்கும். மேலே த 884ஐ நீட்டிக்கொண்டிருக்க, கீழ்க்குரலை க-விலிருந்து ரி-க்கு இறக்குகிறீர்கள் என்றால் இரண்டு வழி. ஒன்று, தைவதத்தை விட்டு மேல்பிடியில் புதிதாகத் தொடங்குவது. பிடித்துக்கொண்டே 22 செண்ட் நகர்த்தினால் பாடகர் தடுமாறியது போல் கேட்கும். இரண்டு, ரிஷபத்தைக் கீழ்ப்பிடிக்கு, 182க்கு மாற்றுவது. 884க்கும் 182க்கும் இடைவெளி சரியாக 702. ஆனால் 182 ரிஷபம் தம்பூராவின் பஞ்சமத்தோடு சேராது. தம்பூராவை மத்யமத்துக்கு மாற்றினால் சேரும். ஆகவே சுருதியைப் பஞ்சமத்திலா மத்யமத்திலா வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், மெட்டு பிறகு. எழுதும்போது மேல்பிடிக்குச் சுரத்தின் பக்கத்தில் ஒரு சிறு கோடு போடுங்கள். புள்ளி வேண்டாம், அது ஸ்தாயிக்குப் போய்விட்டது. காது பழக, சுருதி சுத்தத்துக்குப் பேர்போன மதுரை மணி ஐயரின் ஒலிப்பதிவுகளைத் தம்பூரா கேட்கும்படி போட்டு, நின்று பிடிக்கும் சுரங்களை மட்டும் பலகையில் தேடிப் பாருங்கள்.

நாதஸ்வரத்தோடு சேர்ந்து வாசிக்கும் எண்ணம் இருந்தால், கட்டைக் கீயோடு நுண்ணிய சுருதித் திருகு ஒன்றும் வையுங்கள். குழல் வாத்தியத்தில் காற்று ஒரு டிகிரி சூடானால் சுருதி சுமார் 3 செண்ட் ஏறும். ஊதும் மூச்சின் சூடு இந்த மாற்றத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், முழுதாக அல்ல. காலையிலிருந்து மதியத்துக்குள் பத்து டிகிரி ஏறும் ஊரில் இது பிரமாண சுருதியையே விழுங்கிவிடக்கூடிய அளவு. பலகையின் சுருதி தானாக மாறாது என்பதால், திருகைத் திருப்பிப் பலகையைத்தான் நாதஸ்வரத்தோடு சேர்க்க வேண்டும்.

22 என்பதையே ஏற்காதவர்களும் உண்டு. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 24 சமச் சுருதிகளை வலியுறுத்தினார். ஸ்தாயிக்கு 24 கீ உங்கள் பலகையில் ஏற்கெனவே இருக்கிறது. 50 செண்ட் படியில் 24 வரிக் கோப்பு ஒன்றை ஏற்றி, சும்மா விட்ட நான்கு கீயையும் சுரமாக்கி, மிடி எண்களை 24க்குத் திருத்தினால் அதையும் வாசித்துப் பார்க்கலாம். அந்தர காந்தாரம் அதில் 400தான் என்பதால் அந்த 5 விம்மல் திரும்ப வரும்; வேறு இடங்களில் புதிய வாசல் திறக்கும்.

இந்தப் பலகையின் எல்லை ஆதாரத்தை நகர்த்தும்போது தெரியும். ரிஷபம் 204ஐ ஷட்ஜமாக்கிச் சங்கராபரணம் வாசித்தால் எல்லாச் சுரமும் இருக்கும் (ஒன்று மட்டும் 2 செண்ட் தள்ளி, பொருட்டில்லை). காந்தாரம் 386இன் மேல் மேஜர் கார்டு கட்டினால் தேவைப்படும் 25/16, அதாவது 773, கிடையாது; அருகில் இருப்பது 792. மேற்கத்திய முறையில் கார்டு மாற்றி மாற்றி எழுதுவதுதான் உங்கள் நோக்கம் என்றால் ஸ்தாயியை 53 சமப் பங்காகப் பிரிக்கும் முறைக்குப் போங்கள். படி 22.6 செண்ட், பஞ்சமம் 31 படியில் 701.9, காந்தாரம் 17 படியில் 384.9. ஆங்கிலேயரான போசான்கே 1870களிலேயே இதற்கு ஹார்மோனியம் செய்துவிட்டார். அறுகோண அடுக்கில் வலப்பக்கம் 9 படி, வலது மேல் 5, வலது கீழ் 4 என்று வைத்தால் இரண்டு வரிசை நேர் மேலே எப்போதும் ஒரு படிதான். ஸ்தாயி ஆறு கீ வலப்பக்கம், இரண்டு வரிசை கீழே விழுவதால் பலகையை 16 டிகிரி சாய்த்து மாட்ட வேண்டும். வரிசை இடைவெளி 16.5 மிமீதான், 18 மிமீ சதுரத் தொப்பி இடிக்கும். அறுகோணத் தொப்பி அச்சடிக்க வேண்டும். இரண்டு ஸ்தாயிக்கு 107 சுரம், 11 × 10 மேட்ரிக்ஸ், 21 பின். அதே பீக்கோ தாங்கும்.