பாலம் 'வழிவிட்டது' என்று எழுதலாமா?

கேள்வி: செய்தித் தளம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்திருக்கிறேன். 'கிவ் வே' என்றால் வழிவிடுவது என்றுதான் படித்திருக்கிறேன். ஆனால் ஆங்கிலச் செய்திகளில் பாலமும் 'கிவ் வே' செய்கிறது, அரசாங்கமும் செய்கிறது. எங்கே எப்படி எழுதுவது?

பதில்: முதலில் இரண்டைப் பாருங்கள். அதைச் செய்வது ஆளா, பொருளா? பின்னால் 'டு' வருகிறதா? பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பொருளாக இருந்து, 'டு' இல்லையென்றால், பாரம் தாங்காமல் போய்விட்டது என்று அர்த்தம். 'தி பிரிட்ஜ் கேவ் வே' என்றால் பாலம் இடிந்து விழுந்தது. அதற்காக எல்லா இடத்திலும் 'இடிந்தது' போட முடியாது. கூரை சரியும், கயிறு அறும், கிளை முறியும், ஏரிக்கரை உடையும், நின்ற தரை உள்வாங்கும். 'ஹிஸ் லெக்ஸ் கேவ் வே' என்று வந்தால் கால்கள் துவண்டன. ஆங்கிலத்துக்கு ஒரே வினை போதும். நமக்கோ என்ன பொருள் என்று பார்த்துத்தான் வினையைத் தேட வேண்டும்.

பொருளோடு 'டு' வந்தால் ஒன்று போய் இன்னொன்று வந்திருக்கிறது. தட்டச்சு இயந்திரம் கணினிக்கு 'வழிவிட்டது' என்று எழுதினால் தப்பில்லை. எனக்கென்னவோ 'தட்டச்சு இயந்திரத்தின் இடத்தைக் கணினி பிடித்தது' என்பதுதான் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆளோடு வரும் 'டு' எப்போதும் விட்டுக்கொடுப்பதும் அல்ல. 'ஷி கேவ் வே டு டியர்ஸ்' என்றால் அடக்க முடியாமல் அழுதுவிட்டார், அவ்வளவுதான்.

கவனம் அதிகம் தேவைப்படுவது அரசியல் செய்தியில். 'தி கவர்ன்மென்ட் கேவ் வே' என்ற வரியில் எதிர்ப்புக்குப் பின் அரசு நிலையை மாற்றிக்கொண்டது என்பது மட்டும்தான் இருக்கிறது. 'விட்டுக்கொடுத்தது' என்றால் அரசுக்குப் பெருந்தன்மை சேர்ந்துவிடும். 'அடிபணிந்தது' என்றால் போராடியவர்களுக்கு வெற்றி முழக்கம் ஆகிவிடும். நானாக இருந்தால் 'இறங்கி வந்தது' என்று எழுதுவேன்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றச் செய்தி கையில் கிடைத்தால் உஷார். 'வில் தி மினிஸ்டர் கிவ் வே?' என்று ஓர் உறுப்பினர் கேட்டால், நடுவில் நான் ஒரு வார்த்தை பேசலாமா என்று அர்த்தம். அமைச்சர் சம்மதித்தால் உட்காருவார், இவர் பேசியதும் எழுந்து தன் உரையைத் தொடர்வார். நம் மக்களவையில் மறுப்பவர்கள் 'ஐ ஆம் நாட் யீல்டிங்' என்று சொல்வது இதே விஷயத்தைத்தான்.

சாலையில் தலைகீழ் முக்கோணப் பலகைக்கு 'வழிவிடு' கச்சிதம். கடலிலும் பொருள் அதேதான், வேலை கொஞ்சம் வேறு. 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி, இரண்டு இயந்திரக் கப்பல்கள் குறுக்கிட்டால், மற்றதைத் தன் வலப்பக்கம் காண்பதுதான் 'கிவ் வே வெசல்'. அது முன்கூட்டியே, எதிரில் இருப்பவருக்குப் பளிச்சென்று தெரியும்படி விலக வேண்டும். மற்றது அதே திசையில் அதே வேகத்தில் போக வேண்டும். அதனால் 'விலக வேண்டிய கப்பல்' என்று எழுதுங்கள். இதே கடலில், துடுப்புப் படகில் 'கிவ் வே டுகெதர்' என்று உத்தரவு கேட்டால், எல்லோரும் சேர்ந்து துடுப்பு வலிக்கத் தொடங்க வேண்டும்!

அப்புறம், ஒலிப்பதிவைக் கேட்டு மொழிபெயர்க்கிறீர்களா? வேகமாகப் பேசும்போது 'கிவ் அவே'யும் இதுபோலவே காதில் விழும். அது இலவசமாகக் கொடுப்பது, அல்லது ரகசியத்தைப் போட்டு உடைப்பது. சந்தேகம் வந்தால் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுக் கேளுங்கள்.