எத்தனை மீட்டர் என்று முதலில் சொல்லுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹெச்டிஎம்ஐ பற்றியவை. அவற்றில் நீளத்தைக் குறிப்பிட்டவர்கள் மூன்றே பேர். நீளம் தெரியாமல் கேபிள் சொல்ல முடியாது. 2 மீட்டருக்கு நான் சொல்லும் பதில் வேறு, 12 மீட்டருக்குச் சொல்லும் பதில் வேறு. டேப் எடுத்து அளந்துவிட்டு எழுதுங்கள். மேசையைச் சுற்றி, மூலையில் வளைந்து போகும் நீளத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்.

கேள்வி: புதிதாக 4கே டிவியும் 4கே ப்ளூரே பிளேயரும் வாங்கியிருக்கிறேன். பத்து வருடம் பழைய 'ஹை ஸ்பீடு' கேபிள் 1.5 மீட்டர் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

வேண்டாம். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்தான். நிற விவரத்தைக் கொஞ்சம் சுருக்கும் 4:2:2 முறையில் அனுப்பினால், எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் கூடுதல் வீச்சில் தெரியும் படம்) இருந்தாலும் நொடிக்கு 9 ஜிகாபிட்டுக்குள் அடங்கிவிடும். உங்கள் கேபிள் 10 வரை தாங்கும் வகை. நொடிக்கு 60 ஃபிரேமில் கேம் விளையாடினாலோ 60 ஃபிரேம் வீடியோ பார்த்தாலோ 18 ஜிகாபிட் தேவைப்படும். இவ்வளவு குட்டையாக இருப்பதால் அதையும் பழைய கேபிள் சமாளிக்கலாம். மாட்டிப் பாருங்கள். திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னினாலோ படம் விட்டுவிட்டு வந்தாலோ மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: கடையில் வெள்ளி பூசிய '2.1' கேபிளைக் காட்டி, இதைப் போட்டால் நிறம் ஆழமாகும், கறுப்பு இன்னும் கறுப்பாகத் தெரியும் என்கிறார்கள். சாதாரணக் கேபிளைவிடப் பல மடங்கு விலை. 2 மீட்டர்தான் தேவை. வாங்கலாமா சார்?

நீளத்தை எழுதியதற்கு நன்றி. வாங்காதீர்கள்.

இந்தக் கேள்வி இருபது வருடமாக வந்துகொண்டே இருக்கிறது, இருபது வருடமாக நானும் இதே பதிலைத்தான் எழுதுகிறேன். ஹெச்டிஎம்ஐ கேபிளில் போவது நிறம் இல்லை, எண்கள். ஒரு புள்ளி எவ்வளவு சிவப்பு, எவ்வளவு பச்சை, எவ்வளவு நீலம் என்ற மூன்று எண்கள். அந்த எண்கள் மறுமுனைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தால் பிளேயர் அனுப்பிய படம் அப்படியே வரும். தவறாகப் போய்ச் சேர்ந்தால் அங்கங்கே பளிச்சென்று புள்ளிகள் மின்னும், ஒலி வெட்டும், நொடிக்கணக்கில் திரை கறுத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே 'கொஞ்சம் வெளிறிய நிறம்' என்று ஒரு நிலை கிடையாது. வழியில் பிழை வந்தால் அது தாறுமாறாகத்தான் விழும். திரையில் உள்ள எல்லாச் சிவப்பையும் பார்த்துப் பார்த்து ஒரே அளவு குறைக்கவோ கூட்டவோ எந்தக் கம்பிக்கும் தெரியாது.

வெள்ளி விஷயத்துக்கு வருவோம். செம்பைவிட வெள்ளி நன்றாக மின்சாரம் கடத்தும் என்பது உண்மைதான். வித்தியாசம் 6 சதவீதம் போல. 2 மீட்டர் கேபிளில் அதனால் ஆகப்போவது எதுவும் இல்லை.

அப்புறம் அந்த '2.1'. அது கருவிகளுக்கான வரையறையின் எண், 2017-இல் வந்தது. கேபிளை அந்த எண்ணைச் சொல்லி விற்கக்கூடாது என்பதே ஹெச்டிஎம்ஐ உரிம விதி. கேபிளுக்கு என்று தனிப் பெயர்கள் இருக்கின்றன: ஹை ஸ்பீடு (10 ஜிகாபிட்), பிரீமியம் ஹை ஸ்பீடு (18), அல்ட்ரா ஹை ஸ்பீடு (48). 2025-இல் 96 ஜிகாபிட்டுக்கு அல்ட்ரா96 என்று ஒன்றும் சேர்ந்திருக்கிறது, அது இப்போதைக்கு உங்களுக்குத் தேவையில்லை. பெட்டியில் பெரிதாக '2.1' மட்டும் போட்டிருந்து, 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்ற பெயரும் ஸ்கேன் செய்யும் சான்று லேபிளும் இல்லையென்றால் அந்தப் பெட்டி உங்களுக்கு எந்த உறுதியும் தரவில்லை. சான்று லேபிள் உள்ள சாதாரண விலைக் கேபிளை எடுத்து, அங்கேயே ஃபோனில் ஸ்கேன் செய்து பார்த்து வாங்குங்கள்.

நிறம் ஆழமாக வேண்டுமா? டிவியின் படத் தேர்வுக்குப் போய் 'விவிட்' என்பதை 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று மாற்றுங்கள். அந்த ஒரு மாற்றம் காட்டும் வித்தியாசத்தை எந்தக் கேபிளும் காட்டாது. இன்னும் சந்தேகமாக இருந்தால் வீட்டில் ஒருவரிடம் இரண்டு கேபிளையும் கொடுத்து, எது மாட்டியிருக்கிறது என்று சொல்லாமல் பத்து முறை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் எது என்று எழுதி வையுங்கள். பெரும்பாலோர் நான்காவது முறையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: டிவியில் சவுண்ட் வரல. எந்த கேபிள் வாங்கணும்?

எந்த டிவி, எதில் சவுண்ட் வரவில்லை, இப்போது எந்தக் கேபிள் மாட்டியிருக்கிறது, எத்தனை மீட்டர்? இதில் ஒன்றுகூட எழுதாமல் கேட்டால் நான் ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். சவுண்ட்பார் என்று ஊகிக்கிறேன். டிவியின் பின்னால் 'ஏஆர்சி' (டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ வழியாக சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி) அல்லது அதன் மேம்பட்ட வடிவமான 'இஏஆர்சி' என்று எழுதிய துளை பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், அதில்தான் மாட்ட வேண்டும். டிவி மெனுவில் சிஇசி வசதியை (ஹெச்டிஎம்ஐ வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்குவது) ஆன் செய்து, ஒலி வெளியீட்டை ரிசீவர், அதாவது வெளியே உள்ள ஒலிக்கருவி, என்று மாற்றுங்கள். கேபிள் வாங்குவது இதற்கெல்லாம் அப்புறம்.

கேள்வி: அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி கேட்கும் டால்பி முறை) சவுண்ட்பார் வாங்கினேன். டிவியிலிருந்து ஆப்டிக்கல் கேபிளில் இணைத்திருக்கிறேன். அட்மாஸ் விளக்கு எரியவே இல்லை. நல்ல ஆப்டிக்கல் கேபிள் வாங்கினால் சரியாகுமா? தூரம் 2 மீட்டர்.

ஆகாது. ஆப்டிக்கல் 1983-இல் தோஷிபா சிடி பிளேயர்களுக்காகக் கொண்டுவந்த இணைப்பு. ஸ்டீரியோ ஒலியும் சாதாரண டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1-உம் போகும். அதற்கு மேல் இடமில்லை. ஸ்ட்ரீமிங் சேவைகளின் அட்மாஸ், டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸில் ஏறி வருகிறது. அதற்கு ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி வேண்டும். ப்ளூரே டிஸ்க்கில் இருக்கும் ட்ரூஹெச்டி அட்மாஸ் டிவி வழியாக வர வேண்டுமென்றால் இரு பக்கமும் இஏஆர்சி வேண்டும். அதன் ஒலிக்கே நொடிக்கு 37 மெகாபிட் வரை இடம் இருக்கிறது. கேபிள் 'ஈதர்நெட்' என்று குறிப்பிட்ட ஹை ஸ்பீடு வகை போதும், ஏனென்றால் இஏஆர்சி பயன்படுத்துவது அந்த ஈதர்நெட்டுக்கு ஒதுக்கிய ஜோடிக் கம்பியைத்தான். ஆப்டிக்கலைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

கேள்வி: தங்க முலாம் செருகி தேவையா?

துரு பிடிக்காது, அவ்வளவுதான். ஒலியும் படமும் மாறாது. இப்போது மலிவுக் கேபிளிலேயே இருக்கிறது.

கேள்வி: ரிசீவரிலிருந்து பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு 10 மீட்டர் ஒயர் இழுக்க வேண்டும். 16 கேஜா, 14 கேஜா? கேஜ் எண் பெரிதாக இருந்தால் நல்லதா?

எண் பெரிதானால் கம்பி ஒல்லி. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு 22 கேஜ் வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கணக்கு எளிது. ஒயரின் மின்தடை, போக வர இரண்டும் சேர்த்து, ஸ்பீக்கரின் ஓம் மதிப்பில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம். 10 மீட்டர் தூரம் என்றால் மின்சாரம் நடப்பது 20 மீட்டர். 16 கேஜ் செம்பில் அது 0.26 ஓம் போல வரும், தாராளம். உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் எல்லை 0.2, அப்போது 14 கேஜ் எடுங்கள். ஸ்பீக்கரின் பின்னால் ஓம் எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முழுச் செம்புக்கான கணக்கு. சந்தையில் விற்கும் மலிவு ஒயரில் நிறைய 'சிசிஏ', அதாவது மேலே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். அதன் மின்தடை ஒன்றரை மடங்கு. ஓர் இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். செம்பு நிறம் போய் வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வெளியே வெள்ளை, சுரண்டினால் செம்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, அது நல்ல ஒயர். சிசிஏ தான் கிடைக்கிறது என்றால் இரண்டு கேஜ் தடிமனாக, 16-க்குப் பதில் 14 என்று எடுங்கள்.

மாட்டும்போது ஆம்ப்ளிஃபையர் அணைந்திருக்கட்டும். முனையில் ஒரு சென்டிமீட்டர் உறையை உரித்து, இழைகளைக் கடிகார திசையில் இறுக்கி முறுக்குங்கள். மயிர் போன்ற ஒற்றை இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலே போதும், ஷார்ட் ஆகிவிடும். விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள். ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் பிளஸ், மைனஸ் மாறிப்போனால் பேஸ் காணாமல் போய்விடும். ஒயரில் ஒரு பக்கம் கோடோ எழுத்தோ இருக்கும். அந்தப் பக்கத்தை எல்லா ஸ்பீக்கரிலும் பிளஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இடது ஸ்பீக்கர் 3 மீட்டர், வலது 8 மீட்டர். ஒயரைச் சம நீளமாக வெட்ட வேண்டுமா?

வேண்டாம். கம்பியில் சிக்னல் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் போகிறது. 5 மீட்டர் வித்தியாசம் காதுக்குத் தெரியவே தெரியாது. மிச்சத்தைச் சுருட்டி வைக்காதீர்கள், தேவையான அளவு வெட்டுங்கள்.

கேள்வி: சப்வூஃபரில் எப்போதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல். விலை உயர்ந்த சப்வூஃபர் கேபிள் 6 மீட்டர் வாங்கினேன், அப்படியேதான் இருக்கிறது.

கேபிள் வாங்கும் முன் எழுதியிருக்கலாம். அது மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல். பெரும்பாலும் இயர்த் இரண்டு வழியில் சேர்ந்து சுற்றாகிவிடுவதால் வருவது. சப்வூஃபர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிசீவருக்குப் போகும் கேபிளைச் சப்வூஃபர் பக்கம் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் சுற்றுதான். மறுபடி மாட்டிவிட்டு, டிவியிலோ செட்டாப் பாக்ஸிலோ இருக்கும் ஆன்டெனா அல்லது கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இப்போது நின்றால் அது அந்த வழியாக நுழைகிறது. அந்த ஒயரில் ஐசலேட்டர் (இயர்த் தொடர்பைத் துண்டிக்கும் சிறு கருவி) ஒன்றைப் போட்டால் தீர்ந்தது. நிற்கவில்லையென்றால் ரிசீவரையும் சப்வூஃபரையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள். இரைச்சல் போக வேண்டும் என்பதற்காக இயர்த் பின்னை உடைக்கவோ டேப் ஒட்டி மறைக்கவோ கூடாது. உங்கள் உயிரைக் காப்பதற்காக வைத்த பின் அது.

கேள்வி: புரொஜெக்டருக்கு 12 மீட்டர். சுவருக்குள் கேபிள் போடப் போகிறோம், கொத்தனார் நாளை வருகிறார். 4கே, 60 ஃபிரேம்.

கொத்தனாரை இரண்டு நாள் தள்ளி வரச் சொல்லுங்கள்.

செம்புக் கேபிளில் 18 ஜிகாபிட்டை 5 மீட்டர் வரை நம்பலாம், அதற்கு மேல் அந்தந்தக் கேபிளைப் பொறுத்தது. 12 மீட்டருக்கு ஆப்டிக்கல் ஹெச்டிஎம்ஐ வாங்குங்கள். இது உள்ளே ஒளியிழை வைத்த ஹெச்டிஎம்ஐ கேபிள், மேலே சொன்ன ஆப்டிக்கல் ஒலிக் கேபிள் இல்லை. அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் 'சோர்ஸ்', மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்று எழுதியிருக்கும். ஒரு வீட்டில் அதைத் தலைகீழாகப் போட்டு, குழாயும் வைக்காமல் பூசி, பெயிண்டும் அடித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கேபிளில் ஒரு குறையும் இல்லை. சுவரை உடைத்துத்தான் திருப்பிப் போட வேண்டியிருந்தது. அந்த அம்மா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால், முதலில் கேபிளைத் தரையில் விரித்துப் போட்டு, இரு முனையும் இணைத்து 4கே 60 வீடியோவை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். சரியாக ஓடினால் மட்டும் சுவருக்குப் போகட்டும். அதுவும் குழாய்க்குள். செருகியே 2 செ.மீ. அகலம், ஆகவே 4 செ.மீ. குழாய், முழங்கை மடிப்பு இல்லாமல் நீண்ட வளைவாக. உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள், நாளை வேறு கேபிள் இழுக்க உதவும். முடிந்தால் கூடவே இரண்டு கேட்6 (நெட்வொர்க்) ஒயரும் இழுத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய டிவிடி பிளேயரை மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் இணைத்தேன். படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது. ஒயர் கெட்டுவிட்டதா?

இல்லை. உங்கள் டிவியில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே துளை இருக்கும். மஞ்சளை அதில் செருகியது சரி, ஆனால் இன்புட்டில் 'காம்பொனென்ட்' தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். 'ஏவி' என்று மாற்றுங்கள், நிறம் வந்துவிடும்.

கேள்வி: 120 ஹெர்ட்ஸில் கேம் ஆடும்போது மட்டும் திரை இரண்டு நொடி கறுத்து மறுபடி வருகிறது.

நீளம் எழுதவில்லை. 3 மீட்டருக்கு மேல் என்றால் காரணம் அதுவாகவே இருக்கும். அல்ட்ரா ஹை ஸ்பீடு சான்றுள்ள 2 மீட்டர் கேபிளில் முயலுங்கள். டிவியில் 120 ஹெர்ட்ஸ் ஏற்கும் துளை சிலவற்றில் ஒன்றோ இரண்டோதான், அதில்தான் மாட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: புது ஆப்டிக்கல் கேபிள் டிவியில் இறுக்கமாக உட்காரவே மாட்டேன் என்கிறது. சத்தமும் இல்லை. 1 மீட்டர்.

இரண்டு முனையிலும் பட்டாணி அளவு பிளாஸ்டிக் மூடி இருக்கும், கண்ணாடி மாதிரித் தெரியும். அதைக் கழற்றுங்கள். அப்புறம் ஒரு முனையை டிவியில் செருகி, மறுமுனையை உள்ளங்கையில் காட்டினால் சிவப்பு வெளிச்சம் விழும்.