மகன் கேட்கும் கமராவும் உங்கள் இரண்டு காப்பும்

அன்புள்ள அம்மா,

திருக்கோவிலில் இருந்து நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். மகன் உயர்தரம் எழுதி முடித்துவிட்டார், சினிமாப் படம்தான் எடுப்பேன் என்று நிற்கிறார், அதற்குப் பெரிய கமரா வேண்டுமாம். காப்பு இரண்டையும் அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வைக்க வேண்டாம். அதற்காக அவருடைய ஆசையைத் தட்டிவிடவும் வேண்டாம்.

செலவு கமராவோடு நிற்காது. லென்ஸ் தனி. மேலதிக பற்றரி, மெமரி கார்ட், எடுத்ததைச் சேமிக்க ஹார்ட் டிஸ்க், எடிட் செய்ய ஓரளவு பலமான கம்பியூட்டர் எல்லாம் பின்னால் வரும். அப்புறம் நம்முடைய கடற்காற்று. இந்த ஈரத்தில் பைக்குள் கிடக்கும் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டுத்தான் வைக்க வேண்டும். லீசிங்கில் கமரா எடுத்த பையன் ஒருவரை எனக்குத் தெரியும். தவணை கட்டுவதற்காகவே கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று ஓடினார். எழுதி வைத்த குறும்படக் கதை கொப்பியிலேயே கிடந்தது. கடைசியில் கமராவைப் பாதி விலைக்குக் கொடுத்தார். நல்ல திறமை உள்ள பிள்ளை. நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

இனி வருவதை மகனிடம் வாசிக்கக் கொடுங்கள்.

தம்பி, முதலில் போனிலேயே எடுத்துப் பழகுங்கள். 2015இல் வந்த 'டேஞ்சரின்' என்ற அமெரிக்கப் படம் ஐபோன் 5எஸ்ஸில் எடுக்கப்பட்டுத் திரையரங்குகளில் ஓடியது. போனில் ஒரு லென்ஸைப் பொருத்தினார்கள். ஒலியை மட்டும் போனை நம்பி விடவில்லை. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார். உங்கள் கடற்கரையில் எடுத்துப் பாருங்கள், போன் மைக்கில் காற்றுத்தான் இரையும். ஆகவே முதலில் வாங்க வேண்டியது சட்டையில் குத்தும் சின்ன வயர் மைக், அதற்கொரு பஞ்சு மூடி. அதை இன்னொரு போனில் செருகி, நடிப்பவரின் பைக்குள் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் ஒருதரம் கை தட்டினால், எடிட்டிங்கில் அந்தச் சத்தத்தை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்திவிடலாம்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். வீட்டுக்குள் ட்யூப் லைட்டில் வினாடிக்கு 30 பிரேமில் எடுத்தால் வெளிச்சம் துடிக்கக்கூடும். 25 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 வினாடி என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும்.

நம் ஊர்க் கூத்தில் ஆட்டம் பழக்கும் அண்ணாவியார் எடுத்த எடுப்பில் உடுப்புக் கட்ட விடுவதில்லை. அவரவர் பாத்திரத்தின் பாட்டும் வசனமும் அடங்கிய சட்டம் கொடுத்து, மாதக்கணக்கில் ஆடப் பழக்கி, சதங்கை அணிவித்து, அதற்குப் பிறகுதான் உடுப்போடு அரங்கேற்றம். நீங்களும் அப்படிப் பழகுங்கள். விடியலில் கரைவலை இழுப்பதை ஒரு சொல்லும் பேசாமல் மூன்று நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள். அடுத்ததில் இரண்டு பேர், ஒரு குசினி, ஒரு சண்டை. இப்படி மூன்று படத்தை முடித்துவிடுங்கள். தொடங்கிப் பாதியில் கைவிட்டவை கணக்கில் இல்லை.

போனால் முடியாததும் உண்டு. இரவுத் திருவிழாவின் குறைந்த வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாகும், தூரத்து முகம் கிட்ட வராது. அப்படி ஒரு காட்சி கட்டாயம் வேண்டுமென்றால் கமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். எந்தக் கமரா உங்கள் கைக்கு ஒத்து வரும் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

அம்மா, வேலைகள் பிடித்து முற்பணம் கையில் வரத் தொடங்கினால் கதை வேறு. அப்போது பாவித்த கமரா ஒன்றை விஷயம் தெரிந்தவரோடு போய்ப் பார்த்து வாங்கலாம். ஆனால் படிப்பை விட வேண்டாம். மட்டக்களப்புக் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே படிக்கும் நாடகமும் கட்புலக் கலையும் படம் எடுப்பவருக்கு நேரடியாக உதவும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை இப்போதே எடுத்துத் தகைமைகளைப் பாருங்கள், பெறுபேறு வந்தபின் விண்ணப்பத் திகதியைத் தவறவிடாதீர்கள்.

முதல் படம் முடிந்ததும் இருவருமாக வாருங்கள். மகனைக் கையோடு ஒரு ஹெட்போன் கொண்டுவரச் சொல்லுங்கள், முதலில் ஒலியைக் கேட்போம்.