ஆய்ந்தது யார்?

கேள்வி: தினமும் கீரை சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று ஆய்வுகள் சொல்கின்றனவே, எந்தக் கீரை சிறந்தது?
- ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: எங்கள் வீட்டில் ஆய்வு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும். கூடத்தில் பழைய பேப்பரை விரித்து, கட்டைப் பிரித்து, மண்ணை உதறி, பழுப்பையும் கோரைப்புல்லையும் ஒதுக்கித் தள்ளுவார் அத்தை. முருங்கைக்கீரை என்றால் முதல் நாள் இரவே துணியில் சுற்றி வைத்துவிடுவார். காலையில் உதறினால் பாதி இலை தானாக உதிரும். வேண்டாததைக் கழித்து வேண்டியதை எடுப்பதுதான் ஆய்தல். இப்போது டிவி சமையலில் 'கீரையை கிளீன் பண்ணி' என்கிறார்கள், பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு என்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஆய்வது மட்டும் நடப்பதில்லை. முன்பொரு முறை இதைச் சொன்னதற்கு ஒரு பேராசிரியர் நாலு பக்கம் கடிதம் போட்டார், அதில் அடிக்குறிப்பு மட்டும் ஒன்றரைப் பக்கம். கட்டோடு வைத்திருக்கிறேன், இன்னும் ஆயவில்லை.

நான் மட்டும் யோக்கியமா? ஜெர்மன் விஞ்ஞானி ஒருவர் தசமப் புள்ளியைத் தள்ளி வைத்ததால் பாலக்கின் இரும்புச்சத்து பத்து மடங்கானது, அதை நம்பித்தான் கார்ட்டூன் வீரன் பாப்பாய் பாலக்கை டப்பா டப்பாவாக விழுங்கினான் என்று இதே பக்கத்தில் எழுதியவன் நான். 1981இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ் பரப்பிய கதை அது. 2010இல் மைக் சட்டன் என்பவர் மூலத்தைத் தேடிப் போனால், அந்தப் புள்ளியையே காணோம்! ஆயாமல் உலையில் போட்டுவிட்டேன்.

சரி, ரத்தத்துக்கு வருவோம். நூறு கிராம் பாலக்கில் இரும்பு மூன்று மில்லிகிராமுக்கும் கீழேதான். அதிலும் உடம்பில் சேருவது கொஞ்சம். எலுமிச்சை பிழிந்தால் கூடுதலாகச் சேரும், சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் அதுவும் போச்சு. ஆனால் ரத்த அணுக்கள் உருவாக ஃபோலிக் அமிலமும் வேண்டும். 1941இல் அதைப் பிரித்தெடுத்ததே பாலக் இலையிலிருந்துதான். இலையைக் குறிக்கும் 'ஃபோலியம்' என்ற லத்தீன் சொல்தான் அதற்குப் பெயராயிற்று. ஆக, பாட்டி சொன்னது சரி, காரணம்தான் வேறு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கீரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

எது சிறந்தது என்று எங்கள் தெருக் கீரைக்காரம்மாவிடமே கேட்டுவிட்டேன். "இன்னிக்கு அரைக்கீரைதான் சார். மத்ததெல்லாம் தீர்ந்துடுச்சு."